ஆளுக்கொரு சிட்டிகை உப்பு

நம் வயதுக்காரர்களிடம் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் உடனே பதில் வராது. பிறந்தவர்களைச் சொல்வதா, இருக்கிறவர்களைச் சொல்வதா என்று ஒரு நொடி தடுமாறிவிட்டுத்தான் சொல்வோம். நம்மோடு ஒரே பாயில் கிடந்து, நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்ட ஒரு பிள்ளை பெரும்பாலான வீடுகளில் இருந்தது. அம்மையில் போனவை கொஞ்சம், காய்ச்சலில் போனவை கொஞ்சம். மற்றதெல்லாம் வயிற்றுப்போக்குதான். வயிற்றால் போய்ச் செத்தது என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பார்கள். அதற்கு மேல் பேச யாருக்கும் தெம்பு இருந்ததில்லை.

என் தம்பிக்கு அது வந்த கோடையைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஒன்றரை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியாத கால் எனக்கு. கொல்லம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைத்தேன், கை இரண்டும் தோல் உரிந்தது. செங்கல் சூளையில் இரண்டு வருஷம். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். கல்யாணம் ஒன்று நடந்து, அதுவும் ஒரு வேலை மாதிரி முடிந்துபோனது. கடைசியாகப் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்கிற பிரிவில் ஏழு வருஷம் ஆயாவாக இருந்தேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் ஊரில் இருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில், முந்திரிக் காடுகளுக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கோடையின் வாசனையை அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே குவித்துவிடுவார்கள். இரண்டு நாளில் அது புளித்து, ஊர் முழுக்கக் கள்ளுக்கடை போல நாறும். ஈ வந்து மொய்க்கும். அந்த ஈக்கள் அப்படியே எங்கள் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் வரும். கோடையில் பிள்ளைகளுக்கு ஏன் வயிறு போகிறது என்று பெரியவர்கள் ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். சூடு என்பார்கள், கண்ணேறு என்பார்கள். ஈயை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முந்திரிப் பழத்தை அப்படியே கடித்தால் தொண்டை கரகரக்கும். வட்ட வட்டமாக அரிந்து தட்டில் பரப்பி, உப்பைத் தூவி வைத்துவிட்டுக் காத்திருப்போம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் வேர்த்ததுபோல நீர் முத்து முத்தாக வரும். அப்புறம் தட்டு முழுக்கச் சாறு தேங்கும். விறைப்பாக இருந்த துண்டு, துவைத்த துணி போலத் துவண்டு கிடக்கும். அந்தச் சாற்றை யார் குடிப்பது என்று எனக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தினமும் சண்டை நடக்கும். சாறு எப்படி வெளியே வருகிறது என்று நாங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. உப்புப் போட்டால் தண்ணீர் விடும், அவ்வளவுதான்.

அப்பா அந்தச் சமயம் ஊரில் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடைக்குப் போய், மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அம்மாவை அவர் கட்டிக்கொண்டதே அப்படி வெங்காயக் காட்டுக்குப் போன இடத்தில்தான். அம்மாவுக்கு வாலிகண்டபுரம் பக்கம். கோயில், குளம், பொங்கல் என்று வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் கொடுத்து, புத்தகத்தில் ஒரு பெயர் எழுதினார்கள். அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

அடுத்த வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தார். எனக்கு அத்தை. எங்கள் தெருவில் செபமாலையை முன்நின்று சொல்கிறவர் அவர்தான். உயரமான ஆள், குரலும் உயரம். கெட்டவர் இல்லை. ஆனால் அம்மா செய்கிற எதையும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வார். அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறு முடிந்து வீட்டில் செருகி வைத்திருந்த பழைய ஓலை கீழே விழுந்து கிடந்தது. அம்மா அது தெரியாமல் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டாள். மந்திரித்த பொருளைக் கால் படும் இடத்தில் போடக்கூடாது. எரிக்க வேண்டும், இல்லை மாதா கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அத்தை தெருவில் நின்று, பிறந்த இடத்துப் புத்தி எங்கே போகும் என்று கேட்டார். அம்மா அன்று முழுக்க அந்தக் குப்பைக் குழியைக் கிளறி ஓலையை ஒவ்வொரு துண்டாக எடுத்தாள்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். தம்பிக்கு ஒரு நாள் காலையில் வயிறு போக ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் அவன் கண் குழிக்குள் போய்விட்டது. அழுதான். வாய் கோணியது, சத்தம் வந்தது, கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. அதைப் பார்த்து நான் பயந்தது இன்னும் நினைவிருக்கிறது. அவன் அழுவதுபோல நடிக்கிறான் என்று முதலில் நினைத்தேன்.

அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். கொடுத்தால் கொடுத்ததெல்லாம் கீழே போகும் என்பது அப்போது எல்லாரும் நம்பியதுதான். அத்தைக்கு அதில் அனுபவமும் இருந்தது. நான் பிறக்கும் முன்பே அவருடைய ஒரே பிள்ளை இரண்டு வயதில் இப்படித்தான் போனான். பெரியவர்கள் சொன்னபடி மூன்று நாள் ஒரு சொட்டு தண்ணீர் காட்டாமல் மடியில் வைத்துக் காத்ததாகவும், அவ்வளவு காபந்து பண்ணியும் மாதா எடுத்துக்கொண்டதாகவும் அத்தை சொல்வார். அதன் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் சொன்னால் அதை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். அம்மா ஒரு துணியை நனைத்துத் தம்பியின் உதட்டை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தாள். அவன் அந்தத் துணியைக் கவ்விக்கொண்டு விடமாட்டான்.

அந்த நாள்தான் ஊருக்கு நர்சம்மா வருகிற நாள். சர்க்கார் நர்சு, பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பையோடு நடந்து வருவார். தம்பியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்றது.

"தண்ணி குடுக்காம வச்சிருந்தா வயித்தால போறது நிக்காதும்மா. புள்ள உசுருதான் நின்னு போவும்," என்றார் அம்மாவிடம்.

அம்மாவின் சொம்பைத்தான் கேட்டு வாங்கினார். அது அம்மா பிறந்த வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் சொம்பு, வாயோரத்தில் ஒரு நெளிசல் இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரை அதில் நிறைத்து, ஜீனி ஒரு கை அள்ளிப் போட்டார். உப்பைக் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றால் ஒரே ஒருமுறை எடுத்தார். இதற்கு மேல் ஒரு கல் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நாக்கில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாதாம். ஒரு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும். நாளைக்குப் பழையது மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். நாளை மறுநாள் வருவதாகவும், அதற்குள் மோசமானால் ஜெயங்கொண்டம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லியும் போனார்.

சாயங்காலத்துக்குள் தம்பி கண்ணைத் திறந்து கூரையில் போன பல்லியைப் பார்த்தான். அத்தை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அத்தை ஒரு பொட்டலத்தோடு வந்தார். செய்தித்தாளில் மடித்த கல் உப்பு. கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்தது, மாதா உப்பு என்போம். எங்கள் ஆட்கள் அதை வீட்டில் வைத்திருப்பார்கள். பிள்ளை பயந்துகொண்டால் நெற்றியில் வைப்பார்கள், மாடு கன்று போட்டால் தவிட்டில் கலப்பார்கள். எப்படியும் உப்புத்தானே போடுகிறாய், கடை உப்புக்குப் பதில் இந்த உப்பைப் போடு என்று அத்தை சொன்னார். அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. அம்மா அதை அம்மியில் நுணுக்கி, நர்சம்மா காட்டிய மூன்று விரலால் எடுத்துப் புதிதாக ஒரு சொம்பு கலந்தாள். பொட்டலம் சொம்புக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மே மாதம். எங்களுக்கு அது மாதாவுக்கான மாதம். தினமும் காலையில் மாதா சிலை வைத்த கெபியில் செபக் கூட்டம் இருக்கும். பிள்ளை தேறி வருகிறான், மாதா உப்புதான் கொடுக்கிறோம் என்று அத்தை அங்கே சொல்லியிருக்கிறார். செபம் முடிந்த கையோடு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். நோயாளியைப் பார்க்க வந்து வெறுங்கையோடு திரும்பக் கூசுகிறவர்கள். பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டார்கள், கண்ணை மூடி ஒரு மந்திரம் சொன்னார்கள், பிறகு பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சொம்பில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒருத்தர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். போடாமல் போனால் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்று ஆகிவிடும். சித்தி போட்டாள், கோயில் உபதேசியார் போட்டார், பால்காரர் மனைவி போட்டாள். ஒரு சிட்டிகை என்பது யாருக்கும் அதிகமாகத் தெரியாது. கல் உப்பு உடனே கரையவும் இல்லை. அடியில் போய்க் கிடந்து மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. அம்மா பின்கட்டில் தம்பியின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு அதுவே முழு வேலை.

கரண்டியால் கொடுக்கிற வேலை எனக்கு. தம்பி முதலில் மெதுவாகக் குடித்தான். பிறகு சொம்பைப் பார்த்தே கை நீட்டினான். கரண்டி வாயை விட்டு வந்ததும் வீறிட்டான். அதைப் பார்த்துச் சுற்றி இருந்தவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எவ்வளவு ஆசையாகக் குடிக்கிறான் பார் என்றார்கள். பால்காரர் மனைவி, இவன் வளர்ந்து குடிக்கிற குடியில் முந்திரிச் சாராயம் ஊருக்குப் பத்தாது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. குடிக்கக் குடிக்க அவனுக்குத் தாகம் ஏறிக்கொண்டிருந்தது.

உச்சி வேளைக்குள் மறுபடி போக ஆரம்பித்தது, முந்தின நாளைவிட வேகமாக. உடம்பு கொதித்தது. கை விரல்கள் தானாக வெட்டி வெட்டி இழுத்தன. நான் கரண்டியில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தேன். கருவாட்டுச் சட்டி கழுவிய தண்ணீரைப் போல இருந்தது.

கரிக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். அவர் என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார்.

"மாதா உப்பு கரிக்காதுடி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொன்னார்.

நான் பின்கட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஈரக் கையோடு வந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறவில்லை, ஆனால் கழுத்து நரம்பு ஒன்று எழுந்து நின்றது. அவள் சொம்பை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தால் முடிந்தது. ஆனால் எங்கே கொட்டுவது? அது மந்திரித்த தண்ணீர் ஆகிவிட்டது. பின்கட்டில் ஆளும் கோழியும் மிதிக்கிற தரை. கோயில் தோட்டத்துத் தென்னை மரத்தடியில் ஊற்றலாம், அதற்கு வாசலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் தாண்டிச் சொம்போடு போக வேண்டும். எதற்கு என்று கேட்பார்கள். நீங்கள் எல்லாரும் சேர்ந்து என் பிள்ளைக்கு உப்பைக் கரைத்து ஊற்றினீர்கள் என்று, குருத்தோலையைக் குப்பையில் தள்ளிய மருமகள் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு ஒத்துக்கொள்ளப் போவது யார்? அவர்கள் மறுபடி அதையே கொடுப்பார்கள். அம்மா இவ்வளவையும் யோசித்தாளா என்று எனக்குத் தெரியாது. யோசிக்க நேரம் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"கதவுகிட்ட நில்லு," என்றாள்.

சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக் குடிக்க ஆரம்பித்தாள். நான்கு மடக்குக்குப் பிறகு குமட்டியது. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் போய்ச் சொம்பைப் பிடித்து நானும் குடிக்கிறேன் என்றேன். கையைத் தட்டிவிட்டாள். மறுபடி தூக்கினாள். நான் கதவை விட்டு வந்திருந்த அந்த நேரத்தில்தான் அத்தை உள்ளே வந்து நின்றார்.

"என்னடி பண்ற?"

"தாகமா இருந்துச்சு, அண்ணி."

"புள்ளைக்கு வச்சத எடுத்துக் குடிக்கிற அளவுக்கா தாகம்?"

அம்மா அத்தையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் குடித்து முடித்தாள். அடியில் கரையாமல் இருந்த கல்லை விரலால் வழித்து அதையும் வாயில் போட்டுக்கொண்டாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு சொட்டு தரையில் விழவில்லை.

அத்தை வெளியே போய்ச் சொன்னார். பெற்றவள் பிள்ளையின் மருந்தைக் குடிக்கிறாள் என்று தெரு முழுக்க ஆனது. வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அன்று மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் வரவில்லை. தம்பிக்கு அதைவிட நல்லது வேறு எதுவும் நடந்திருக்க முடியாது.

அம்மா சொம்பைக் கழுவினாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, தட்டில் ஊற்றி விசிறி ஆற்றினாள். ஜீனி ஒரு கை. மந்திரித்த உப்பையே, நுணுக்கியதை, மூன்று விரலால் ஒருமுறை. பொட்டலத்தை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கடிகாரம் எங்களிடம் இல்லை. ஒரு நிமிஷத்தை அளக்க அவள் தன் செபமாலையை என் கையில் கொடுத்தாள். ஒரு மணியைப் பிடித்து அருள்நிறை மந்திரத்தை மூன்று தடவை நிதானமாகச் சொல்லி முடித்தால் ஒரு கரண்டி. பத்து மணி உருட்டி முடிந்ததும் கொஞ்சம் ஓய்வு. நான் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னேன், சொல்லிச் சொல்லி ஊட்டினேன். தெருவில் போனவர்கள், தாய் அப்படி இருந்தாலும் மகளுக்குப் பக்தி இருக்கிறது என்று பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

அம்மாவால் உட்கார முடியவில்லை. குடித்த உப்பு அவளை உலுக்கிவிட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள், அப்புறம் முந்திரிக் காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்ப்பாள். நான் மந்திரத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டுவேன். இன்னும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

செபமாலையை இரண்டாம் சுற்று முடிக்கும்போது என் பாவாடை சூடாக நனைந்தது. மறுபடி போய்விட்டான் என்று நினைத்துத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து என் பாவாடையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"மூத்திரமா போனான்?"

ஆமாம் என்றேன். அவள் திரும்பவும் மோந்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். அவன் இரண்டு நாளாக அதைப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நர்சம்மா சொன்னபடி வந்து பார்த்தார். பிள்ளை தப்பிவிட்டான் என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்து, உனக்கும் போகிறதா என்று கேட்டு, நீயும் இதையே குடி என்றார். அம்மா அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

ஊர் தன் கதையை முடிவு செய்துவிட்டது. தாய் மருந்தைக் குடித்தும்கூட மாதா உப்பு பிள்ளையைக் காப்பாற்றியது. அத்தை நேர்ந்துகொண்டிருந்தார், பிள்ளையின் எடைக்கு எடை உப்பு. அப்பா வந்ததும் கோயிலுக்குப் போனோம். தராசின் ஒரு தட்டில் தம்பியை உட்கார வைத்தார்கள். அவன் தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். அத்தை மறுதட்டில் இரண்டு கையாலும் உப்பை அள்ளிப் போட்டார். அவன் இளைத்திருந்தான், கொஞ்சம் போட்டதுமே தட்டு சமமாகிவிட்டது. சுற்றி நின்றவர்களுக்கு அத்தை நடந்ததைச் சொன்னார், அம்மா குடித்ததையும் சொன்னார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்கவில்லை. நான் திறந்தேன். அத்தை, நீங்கள் எல்லாரும் உப்பை நிறையப் போட்டதால்தான் என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது.

அந்தக் கிள்ளலை நான் ரொம்ப வருஷம் மன்னிக்கவில்லை. அம்மா கோழை என்று முடிவு கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதற்கும் ஊர் ஊராகச் சுற்றியதற்கும் அதைக் காரணமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குப் போனால் இரண்டு நாளுக்கு மேல் தங்காததற்கு அது ஒரு காரணம். அந்தச் சொம்பும் எங்கேயோ போய்விட்டது. ஒரு முறை வந்தபோது கேட்டேன். பாத்திரக்காரனிடம் போட்டு வேறு ஏதோ எடுத்துவிட்டார்கள்.

டயாலிசிஸ் பிரிவில் தரை துடைக்கும்போது நான் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கண்ணாடி உருளைக்குள் ஒரு பக்கம் இரத்தம் போகிறது, மறுபக்கம் தண்ணீர் மாதிரி ஒன்று போகிறது. இரண்டும் கலக்கவில்லை. ஆனாலும் இரத்தம் சுத்தமாகிறது. எப்படி என்று மெஷின் பார்க்கிற பையனிடம் ஒருநாள் கேட்டேன். அவனுக்கும் பேச ஆள் இல்லாத நேரம். இடையில் மயிரைவிட மெல்லிய சவ்வு இருக்கிறது, அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன என்றான். சின்னது புகுந்து போகும், பெரியது போகாது. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் தானாக நகரும். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் இப்படி ஒரு சவ்வு இருக்கிறதாம். நான் முந்திரிப் பழத்தை நினைத்துக்கொண்டேன்.

வயிறு போகிறபோது உப்பும் ஜீனியும் எதற்கு என்று அவனிடமே கேட்டேன். குடலின் சவ்வில் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு, அதில் ஒரு வாசல் உப்பும் ஜீனியும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும் என்றான். வயிறு போகும் நோயிலும் அந்த வாசல் பழுதாவதில்லை. இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். உப்பை அதிகமாகப் போட்டால்? அப்படியென்றால் குடலுக்குள் உப்பு மிஞ்சிவிடும், உடம்பில் இருக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் இழுபட்டு வெளியே போகும், சின்னப் பிள்ளை தாங்காது என்றான். சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மா முற்றத்தில் முந்திரிக் கொட்டையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் தெரிந்துகொண்டதை எல்லாம் சொன்னேன். அவள் கொட்டையைக் கிளறுவதை நிறுத்தவில்லை. நாக்கில் வைத்தபோதே இது பிள்ளையைக் கொன்றுவிடும் என்று தனக்குத் தெரியும் என்றாள். பிறகு ஏன் கோயிலில் வாயை மூடிக்கொண்டு நின்றாய், ஏன் என்னைக் கிள்ளினாய் என்று கேட்டேன். என் குரல் ஏறியிருக்க வேண்டும். அவள் அடுத்த வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஒங்க அத்த அவ புள்ளைக்கு மூணு நாளு தண்ணியே குடுக்கல. உப்பு இழுக்கும், தண்ணிதான் உசுரக் காப்பாத்தும்னு நான் தெருவுல நின்னு பேசுனா, மொதல்ல அவளுக்கு எது வெளங்கும்? எனக்குப் புள்ள பொழச்சிடுச்சு. என்னைப் பத்தி எது பேசுனா என்ன?"

அதற்குப் பிறகு நான் அடிக்கடி ஊருக்குப் போனேன். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தம்பிக்கு அரியலூரில் வேலை, அவன் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். தன் மருந்தை அம்மா குடித்த கதையை அவனும் சிரிப்புக்குச் சொல்வான். நான் திருத்துவதில்லை.

அத்தை இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது, நடை இல்லை. நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன கோடையில் தெருவில் ஓர் இளம்பெண் வயிறு போகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் மந்திரித்த உப்பு கேட்டு வந்தாள். அத்தை பொட்டலத்தைத் தடவி எடுத்து, பிள்ளையின் நெற்றியில் ஒரு கல்லை ஒற்றி எடுத்தார். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"தண்ணியில போடாத. கடையில பாக்கெட் விக்கிறான், அத வாங்கிக் கலக்கிக் குடு. நல்லாக் குடு," என்றார் அத்தை.

அவள் போன பிறகு நான் தட்டை எடுத்துக் கழுவ எழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். 

"அன்னிக்கு ஒங்க அம்மா கவுத்து வச்ச சொம்ப, சாயங்காலமா வந்து வெரல வுட்டு நக்கிப் பாத்தேன். அது காலியா இருந்துச்சு, வெளிம்புல மட்டும் உப்பு ஒட்டிக் கெடந்துச்சு. கரிச்சுது," என்றார்.

அம்மா அதைக் கழுவித்தான் புதிதாகக் கலந்தாள். அவர் எந்தப் பாத்திரத்தை நக்கினாரோ, எப்போதோ, எனக்குத் தெரியாது. வயதானவர்களின் நினைவு அப்படித்தான். ஆனால் அவர் எதைக் கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"எம் புள்ள கடைசி வரைக்கும் தண்ணி தண்ணின்னுதான் கேட்டான். ஒரு வாய் ஊத்தியிருந்தா பொழச்சிருப்பானாடி? நீ ஆஸ்பத்திரியில இருந்தவ, சொல்லு."

எனக்குப் பதில் தெரியும். ஏழு வருஷம் அந்தத் தரையைத் துடைத்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

"அது வேற நோவு அத்த. தண்ணி குடுத்தாலும் நின்னிருக்காது," என்றேன்.

அத்தை என் கையை விட்டார். பார்வை மங்கிய கண்ணை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒங்க அம்மாளும் இதேதான் சொன்னா," என்றார்.